தைக்குள் ஒரு ரேந்தைச் சால்வை: 42,200 கண்ணிகளுக்கு நாள் குறிப்பது எப்படி

மட்டக்களப்பு வெயிலுக்குக் கம்பளிச் சால்வை எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் எளிது. போர்த்தப்போவது இங்கே இல்லை. தைப்பொங்கல் கழித்து யாரோ ஒருவர் கனடாவுக்கோ லண்டனுக்கோ போவார். அவர் பெட்டியில் நூறு கிராம் சொச்சம் எடையுள்ள ஒரு பொதிக்கு எப்போதும் இடமிருக்கும். அந்தப் பயணத் திகதியைக் கெடுவாக வைத்துத் தொடங்கும் சால்வைகளில் பல பாதியில் நிற்கின்றன. பின்னத் தெரியாததால் அல்ல, கணக்குப் பிழைத்ததால். ஆகவே இந்த வழிகாட்டி ஊசியில் அல்ல, கணக்கில் தொடங்குகிறது.

இங்கே சொல்லப்படுவது இரட்டை ஊசியால் பின்னும் முக்கோணச் சால்வை. கழுத்துப் பின்புற நடுவில் 3 கண்ணியில் தொடங்கிக் கீழ்நோக்கி விரிந்து 409 கண்ணியில் முடியும். உலர்த்தி எடுத்தபின் ஏறத்தாழ 180 செ.மீ. அகலமும் 90 செ.மீ. ஆழமும் வரும். ரேந்தை என்ற சொல்லே போர்த்துக்கேயர் நமக்கு விட்டுப்போனது. குரோஷே ரேந்தை போடத் தெரிந்தவர்களுக்குக் கண்ணியும் துளையும் புதிதல்ல, ஊசி இரண்டாவதுதான் புதிது. நிட், பர்ல் என்ற இரண்டு அடிப்படைப் பின்னலும் கைக்கு வந்தவர்களுக்காகவே இது எழுதப்படுகிறது.

வரிசையை எண்ணாதீர்கள், கண்ணியை எண்ணுங்கள்

மொத்தம் 200 வரிசை. நூறாவது வரிசையில் "பாதி முடிந்தது" என்று ஆறுதலாக இருப்பவர்தான் கடைசி வாரம் இரவிரவாக விழித்திருப்பவர். ஒவ்வொரு முன்பக்க வரிசையிலும் 4 கண்ணி கூடிக்கொண்டே போவதால் வேலை பின்பாதியில்தான் குவிந்து கிடக்கிறது.

இந்தச் சால்வையை 12 வரிசை கொண்ட 16 கட்டங்களாகவும் 8 வரிசை கொண்ட ஓரமாகவும் பிரிக்கலாம். முழுவதும் சேர்த்து 42,200 கண்ணி. நிமிடத்துக்கு 20 கண்ணி போடும் கைக்குக் கணக்கு இப்படி வரும்:

4ஆம் கட்டம் முடிய: 2,832 கண்ணி, சுமார் 2½ மணி நேரம்.
8ஆம் கட்டம் முடிய: 10,272 கண்ணி, 8½ மணி நேரம். இது வெறும் கால்வாசி.
12ஆம் கட்டம் முடிய: 22,320 கண்ணி, 18½ மணி நேரம். உண்மையான பாதி இதற்குச் சற்று முன்தான் கடக்கிறது, 140ஆம் வரிசையளவில்.
16ஆம் கட்டம் முடிய: 38,976 கண்ணி, 32½ மணி நேரம்.
ஓரமும் சேர: 42,200 கண்ணி, 35 மணி நேரம்.

முதல் கட்டம் கால்மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பதினாறாவது கட்டத்துக்கு நான்கு மணி நேரம் வேண்டும். கடைசி வரிசை ஒன்று மட்டும் 20 நிமிடம் தின்னும். முதல் வாரத்தின் வேகத்தைப் பார்த்து யாருக்கும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

பிழை திருத்த ஐந்திலொரு பங்கு கூட்டுங்கள்: 42 மணி நேரம். இனித் திகதியிலிருந்து பின்னோக்கி வாருங்கள். பயணம் ஜனவரி 16 என்று வைத்துக்கொண்டால், 15 பொதி கட்ட. 10 முதல் 14 வரை உலர்த்த. வேறு மாதமென்றால் இரண்டு நாள் போதும், மார்கழி மழையில் போதாது. 9ஆம் திகதி கண்ணி இறக்கி நனைக்க. 5 முதல் 8 வரை கைகாவல். ஆக, கடைசி வரிசை ஜனவரி 4இல் முடிய வேண்டும். கிழமைநாளில் ஒரு மணி நேரமும் ஞாயிற்றுக்கிழமை இரண்டும் என்றால் வாரத்துக்கு 8 மணி நேரம், அதாவது ஐந்தேகால் வாரம். நத்தார் வாரத்தில் வீட்டுக்கு ஆள் வந்துபோகும், ஊசி பாதி நேரம் சும்மா கிடக்கும். ஆறு வாரம் என்று பிடியுங்கள்: நவம்பர் 23இல் கண்ணி ஏற்ற வேண்டும். நூல் பார்க்கவும் மாதிரி பின்னவும் அதற்கு முன் ஒரு வாரம்.

நூல்

கடைகளில் "வூல்" என்று விற்பது பெரும்பாலும் அக்ரிலிக். குழந்தைத் தொப்பிக்கு அது நல்லது, இந்தச் சால்வைக்குச் சரிவராது. ரேந்தையின் துளைகள் திறப்பது நனைத்து இழுத்து உலர்த்தும்போதுதான். கம்பளி அந்த இழுப்பை நினைவில் வைத்திருக்கும். அக்ரிலிக் காய்ந்ததும் பழையபடி சுருங்கிவிடும். பருத்தி இழுப்புக்கு இசைந்தாலும் பாரத்தில் தொங்கிப்போகும், குளிருக்கும் உதவாது.

சந்தேகமென்றால் ஒரு விரல் நீளத் துண்டைக் குறட்டால் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி தலைமயிர் கருகும் மணம் தரும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கறுத்த கெட்டி மணியாக நிற்கும்.

100 கிராமில் 400 மீட்டர் ஓடும் மெல்லிய கம்பளி வேண்டும். இந்தச் சால்வை 105 கிராம் அளவில் பிடிக்கும். ஒரே நூறு கிராம் உருண்டையை நம்பித் தொடங்குவது கடைசி இரண்டு வரிசையில் அழுவதற்கான வழி. 50 கிராம் உருண்டை மூன்று, ஒரே சாய இலக்கத்தில். கொழும்பு புறக்கோட்டையிலோ வெளிநாட்டு உறவினர் மூலமோ எடுப்பதானால் மூன்றையும் ஒரே தடவையில் எடுங்கள். நிறம் வெளிறியதாக இருக்கட்டும். கறுப்பு நூலில் கண்ணி பார்க்கப் பகல் வெளிச்சம் வேண்டும், அதுதான் அந்த மாதங்களில் இல்லாத பொருள்.

ஊசி 4 மி.மீ., கேபிளோடு கூடிய வட்ட ஊசி, 80 செ.மீ. நீளம். பழைய பிரித்தானிய இலக்கத்தில் இது 8. அமெரிக்க இலக்கம் 8 என்றால் 5 மி.மீ., அதில் ஏமாற வேண்டாம். கை வியர்ப்பவர்களுக்கு மூங்கில் ஊசியில் நூல் ஒட்டி இழுபடும், உலோகம் மேல். இவற்றோடு 5 மி.மீ. ஊசி ஒன்று, நான்கு அடையாள வளையம், மொட்டை முனைக் கம்பளி ஊசி, சமையலறை டிஜிட்டல் தராசு.

மாதிரித் துண்டு: மூன்று விடை தரும் ஒரு கேள்வி

31 கண்ணி ஏற்றி, கீழே தரும் 12 வரிசையைக் கூட்டல் இல்லாமல் இரண்டு தடவை பின்னுங்கள் (இரு ஓரமும் நிட் 3, நடுவில் 6 கண்ணிக் கோலம் நான்கு தடவை, முடிவில் நிட் 1). முதல் வரிசையில் மணிக்கூட்டைப் பாருங்கள். இந்தத் துண்டில் 744 கண்ணி உண்டு. 37 நிமிடத்தில் முடித்தால் உங்கள் கை நிமிடத்துக்கு 20. ஒரு மணி நேரம் எடுத்தால் 12தான். மேலே சொன்ன மணி நேரங்களை அதற்கேற்ப ஒன்றரை மடங்குக்கும் மேலாகக் கூட்டுங்கள், அல்லது கட்டங்களைக் குறையுங்கள்.

பிறகு நனைத்து, இழுத்துக் குத்தி, காயவிடுங்கள். துணி எவ்வளவு விரியும் என்று தெரியும். உங்கள் அறையில் மழைநாளில் எத்தனை மணி நேரத்தில் காயும் என்றும் தெரியும். இந்த மூன்றாவது விடைக்காகவே மாதிரியை வெயில் நாளில் காயப்போடாதீர்கள்.

தொடக்கம்

3 கண்ணி ஏற்றி 6 வரிசை நிட். துண்டைத் திருப்பாமல் வலப்பக்கமாகச் சாய்த்து, பக்க ஓரத்து முடிச்சுகளிலிருந்து 3 கண்ணி எடுங்கள். தொடங்கிய ஓரத்திலிருந்து இன்னும் 3. ஊசியில் 9. பின்பக்கத்தில் நிட் 3, பர்ல் 3, நிட் 3. இந்தச் சிறிய நாக்கு இல்லாமல் நேரே 9 கண்ணி ஏற்றினால் கழுத்து நடுவில் ஒரு பள்ளம் தெரியும்.

வளையங்கள்: முதல் 3 கண்ணிக்குப் பின், நடுக்கண்ணிக்கு இருபுறமும், கடைசி 3 கண்ணிக்கு முன். வேறெங்கும் வேண்டாம். ஒவ்வொரு கோலத்துக்கும் ஒரு வளையம் போட ஆசை வரும். 7ஆம் வரிசையில் மூன்று கண்ணி ஒன்றாகும் இடம் இரண்டு கோலங்களின் எல்லையில் விழுவதால் அத்தனை வளையத்தையும் கழற்றி மாற்ற வேண்டிவரும்.

குறிகள்

நி: நிட். சு: நூலை முன்னால் கொண்டுவந்து ஊசிமேல் ஒரு சுற்று, இதுவே துளை. வ: இரண்டை ஒன்றாக நிட், வலம் சாயும். இ: இரண்டை ஒவ்வொன்றாக நிட் போடுவதுபோல் நுழைத்து வலதூசிக்கு மாற்றி, பின்புறத்தால் இரண்டையும் சேர்த்து நிட், இடம் சாயும். மூ: இரண்டைச் சேர்த்து நிட் போடுவதுபோல் மாற்றி, மூன்றாவதை நிட் போட்டு, மாற்றிய இரண்டையும் அதன் மேலால் தள்ளிவிடுதல், நடுக்கண்ணி மேலே நிமிர்ந்து நிற்கும்.

ஒரு கட்டத்தின் 12 வரிசை

ஒவ்வொரு முன்பக்க வரிசையும் இந்தச் சட்டத்துக்குள்: நி3, சு, [ஒரு பாதி], சு, நடுக்கண்ணி நி1, சு, [மறுபாதி], சு, நி3. பின்பக்க வரிசைகள் எல்லாம் நி3, கடைசி 3 வரை பர்ல், நி3.

பாதிக்குள்:

வரிசை 1: (நி1, சு, இ, நி1, வ, சு) திரும்பத் திரும்ப, முடிவில் நி1.
வரிசை 3: நி1, (நி2, சு, மூ, சு, நி1) திரும்பத் திரும்ப, நி1, நி1.
வரிசை 5: நி2, (நி1, வ, சு, நி1, சு, இ) திரும்பத் திரும்ப, நி1, நி2.
வரிசை 7: நி3, வ, சு, நி3, (சு, மூ, சு, நி3) திரும்பத் திரும்ப, சு, இ, நி3.
வரிசை 9, 11: பாதி முழுவதும் நிட்.

3, 5, 7ஆம் வரிசைகளில் இரு முனையிலும் தனியே நிற்கும் நிட் கண்ணிகள் முந்திய சுற்றுகளில் புதிதாகப் பிறந்தவை. 12 வரிசை முடிய அவை சேர்ந்து ஒவ்வொரு பாதிக்கும் இரண்டு புதிய கோலங்களுக்கு இடம் தரும். முதல் கட்டத்தில் பாதிக்கு ஒரே கண்ணிதான் இருக்கும். அங்கே கோலம் கிடையாது, எல்லாம் நிட், சட்டத்தின் சுற்று மட்டும். இரண்டாம் கட்டத்தில் பாதிக்கு 2 கோலம், மூன்றாவதில் 4, பதினாறாவதில் 30.

கட்டம் முடிந்த ஒவ்வொரு தடவையும் எண்ணுங்கள். கட்ட இலக்கத்தை 12ஆல் பெருக்கி 1 கூட்டினால் ஒரு பாதியின் கண்ணி: 13, 25, 37 என்று 193 வரை. மொத்தம் 33, 57, 81 என்று 24 கூடிக்கூடி 393. ஒரு பாதி சரியாகவும் மற்றது ஒன்று குறைவாகவும் இருந்தால் தேடும் இடமும் பாதியாகிவிடும்.

பிழைகள்

பத்தில் எட்டு, விட்டுப்போன சுற்று. பின்பக்க வரிசையிலேயே கண்டால் அடுத்தடுத்த இரு கண்ணிக்கு நடுவே ஓடும் நூலை இடதூசியால் முன்னிருந்து பின்னாகத் தூக்கிப் பர்ல் போட்டால் தீர்ந்தது. துளை சற்றுச் சிறுத்திருக்கும், உலர்த்தும்போது சமனாகும். இரண்டு வரிசை கழித்துக் கண்டால் இப்படித் தூக்கிய நூல் இறுகி நிற்கும்.

வளையத்துக்குப் பக்கத்திலிருக்கும் சுற்று வளையத்தின் அடியால் நழுவி மறுபக்கம் போய்விடும். மொத்த எண்ணிக்கை சரி, நடுக்கோடு மட்டும் ஒரு கண்ணி விலகி வளைந்து போகும். நடுக்கண்ணிக்கு இருபுறமும் துளை இருக்கிறதா என்று ஒவ்வொரு பின்பக்க வரிசையிலும் ஒரு கண் போடுங்கள்.

வ, இ இரண்டையும் மாற்றிப் போட்டால் எண்ணிக்கை காட்டிக்கொடுக்காது. துளைக்குப் பக்கக் கோடு உடைந்து தெரியும். ஓரிடத்தில் மட்டும் என்றால் விட்டுவிடலாம், டொரொன்டோவில் யாரும் அதை எண்ணப்போவதில்லை.

காவல்நூல் கட்டாயம். ஒவ்வொரு கட்டத்தின் 12ஆம் வரிசை முடிந்ததும், வேறு நிறத்து வழுவழுப்பான குரோஷே நூலைக் கம்பளி ஊசியில் கோத்து, ஊசியிலுள்ள எல்லாக் கண்ணிக்குள்ளாலும் இழுத்துவிடுங்கள். வளையத்துக்குள்ளால் போகக் கூடாது, போனால் வளையம் அந்த வரிசையில் சிறைப்பட்டுவிடும். 390 கண்ணிக்கு இது பத்து நிமிட வேலை. கரண்ட் போன நேரத்தில் ஊசி உருவுப்பட்டால் காப்பாற்றுவதும் இதுதான், கண்ணிகள் காவல்நூலில் வந்து நிற்கும். மெல்லிய தையல் நூலைப் போடாதீர்கள், கம்பளிக்குள் புதைந்து உருவ வராது.

14ஆம் கட்டத்தில் ஒரு தீர்மானம்

14ஆம் கட்டம் முடிந்ததும் நின்று இரண்டு காரியம் செய்யுங்கள். மிச்ச நூலை நிறுங்கள். இனித் தேவை, இதுவரை செலவானதில் 40 விழுக்காடும் அதோடு 6 கிராமும். 72 கிராம் போயிருந்தால் 35 கிராம் கையில் இருக்க வேண்டும்.

அடுத்து நாட்காட்டி. ஒரு வாரம் பின்தங்கியிருந்தால் 15, 16ஆம் கட்டங்களை விட்டுவிட்டு நேரே ஓரத்துக்குப் போங்கள். 176 வரிசை, 361 கண்ணியில் சால்வை முடியும். அளவில் 12 விழுக்காடுதான் குறையும். வேலையில் குறைவது 9,288 கண்ணி, அதாவது 22 விழுக்காடு, ஏறக்குறைய எட்டு மணி நேரம். முக்கோணச் சால்வை ஒளித்துவைத்திருக்கும் சலுகை இது. இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கண்ணோடு பின்னிய 4,000 கண்ணியை மறுநாள் பிரிப்பதைவிட, சற்றுச் சிறிய சால்வை எவ்வளவோ மேல்.

நூல் மாற்றும்போது ஓரத்து 3 கண்ணியில் மாற்றுங்கள். நடுவில் போட்ட முடிச்சு உலர்த்தும்போது துளையினூடே எட்டிப்பார்க்கும்.

ஓரமும் இறக்குதலும்

8 வரிசை, முன்னும் பின்னும் நிட். முன்பக்கத்தில் வழக்கமான நான்கு சுற்று தொடரட்டும். முடிவில் 409.

5 மி.மீ. ஊசிக்கு மாறி இறக்குங்கள்: நி2, இடதூசியை அந்த இரண்டின் முன்னால் நுழைத்துப் பின்புறத்தால் சேர்த்து ஒன்றாக நிட், நி1, மறுபடி இரண்டையும் சேர்த்து நிட். இப்படியே கடைசி வரை. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். வழக்கமான முறையில் இறுக்கி இறக்கினால் கீழோரம் கயிறு கட்டியதுபோல் நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் சால்வை விரியாது, முழு ஓரத்தையும் பிரிக்க வேண்டிவரும். பத்துக் கண்ணி இறக்கியதும் இழுத்துப் பாருங்கள். துணி விரியுமளவு ஓரமும் விரிய வேண்டும்.

மழைக்குள் உலர்த்துவது

ஊசியிலிருந்து இறங்கும்போது சால்வை கசங்கிய வலைத்துண்டு மாதிரித்தான் இருக்கும். பயப்பட வேண்டாம்.

தண்ணீரை முதலில் பாருங்கள். உங்கள் கிணற்றுநீர் வாளியில் காவி படியவிடுமென்றால் வெள்ளைக் கம்பளியை அதில் போடாதீர்கள். மழைநீரைப் பிடித்துவையுங்கள், அந்த மாதத்தில் அதற்குக் குறைவில்லை. சில துளி ஷாம்பூ விட்டு அரை மணி நேரம் ஊறட்டும். கசக்கக் கூடாது. சுடுநீரும் தேய்ப்பும் சேர்ந்தால் கம்பளி திரண்டுபோகும், பிறகு மீளாது. அலசும் நீரும் அதே சூட்டில் இருக்கட்டும். தூக்கும்போது இரு கையாலும் அடியோடு அள்ளுங்கள். துவாயில் பரப்பிச் சுருட்டி மேலே ஏறி மிதியுங்கள். இரண்டாவது உலர்ந்த துவாயில் இன்னொரு தடவை. இந்த இரண்டாவது துவாய் உலரும் நேரத்தை நன்றாகக் குறைக்கும்.

இரட்டைக் கட்டில் மெத்தைமேல் கோடு போட்ட சாரம் இரண்டை விரியுங்கள். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் கட்டங்கள் அளவுநாடாவுக்குச் சமம், ஓரம் நேராக இருக்கிறதா என்று கோடே சொல்லிவிடும். பலமுறை துவைத்த சாரமாக இருக்கட்டும். புதுச் சாரத்தின் சாயம் ஈரக் கம்பளியில் ஏறிவிடும்.

மேலோரம் முழுவதும் மீன்பிடித் தங்கூசி ஒன்றைக் கோத்துவிடுங்கள், ஓரத்து முடிச்சு ஒன்றுவிட்டு ஒன்றில். இரு முனையையும் கட்டில் சட்டத்தில் இழுத்துக் கட்டினால் மேலோரம் நூல் பிடித்ததுபோல் நிற்கும். பிறகு நடுக்கோட்டைக் கீழே இழுத்து ஒரு குண்டூசி. அதன்பின் கீழோரத்தில் ஒவ்வொரு கோலத்துக்கும் ஒன்றாக, நடுவிலிருந்து இருபக்கமும் மாறி மாறி. சுமார் 70 குண்டூசி வேண்டும், எல்லாம் துருப்பிடிக்காத எஃகு. தையற்கடைச் சாதாரண ஊசி கடற்காற்றும் ஈரமும் பட்டு ஒரே இரவில் துருக் கறை விடும், அந்தக் கறை போகாது.

மேலே மின்விசிறி, யன்னல் சாத்தி. மழைக்காற்று உள்ளே வந்தால் உலர்வதற்குப் பதில் ஈரம் குடிக்கும். கயிற்றில் தொங்கவிடுவதோ இஸ்திரி போடுவதோ வேண்டாம். கை வைத்தால் உலர்ந்ததுபோல் இருந்தாலும், புறங்கையில் குளிர்ச்சி தட்டினால் உள்ளே ஈரம் இருக்கிறது. குளிர்ச்சி அடங்கிய பின்னும் ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். அவசரப்பட்டுக் குண்டூசி கழற்றிய இடம் மட்டும் சுருங்கி, கீழோரம் அலையலையாக நிற்கும்.

நூல் நுனிகளைக் கம்பளி ஊசியால் ஓரத்துக்குள் ஒளிப்பது இப்போதுதான். வெட்டும்போது 1 செ.மீ. மிச்சம் விடுங்கள். நனைக்குமுன் வெட்டிய நுனி இழுப்பில் வெளியே வந்துவிடும்.

மடித்தால் கோடு விழும். மெல்லிய வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சுருட்டி, காற்றுப்புகாத பையில் இடுங்கள். மருந்துப் போத்தலோடு வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு கிடைத்தால் உள்ளே போடலாம். கையால் குளிர்நீரில் கழுவி, படுக்கவைத்துக் காயவிடச் சொல்லி ஒரு துண்டுக் கடதாசியும் கூடவே போகட்டும். அங்கே சலவை இயந்திரமும் உலர்த்தும் இயந்திரமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், இரண்டும் சேர்ந்தால் ஒரே சுற்றில் சால்வை கைக்குட்டையாகிவிடும்.